பாதிச் சவரத்தில் எழுந்து போனவர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதப் பௌர்ணமியன்று, காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடந்துகொண்டிருந்தபோது நடந்தது இது. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் சுவாமி வீதியுலா வரும்போது, வேண்டுதல் நிறைவேறியவர்கள் மாடியில் நின்று மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே நிற்பவர்கள் துண்டு, முந்தானை, குடை என்று கையில் இருப்பதை விரித்துப் பிடிப்பார்கள். குழந்தை இல்லாதவர்கள் அந்தப் பழத்தைப் பிடித்துச் சாப்பிட்டால் குழந்தை பிறக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

அதற்கு முந்தைய வருடம் நானும் அதே கூட்டத்தில் முந்தானையை விரித்துக்கொண்டு நின்றவள்தான். கல்யாணமாகி ரொம்ப நாள் குழந்தை இல்லை. மேலிருந்து வந்த பழம் முந்தானையில் விழாமல் நேராக என் நெற்றியில் வந்து மோதியது. புடைத்துப்போன நெற்றியோடு வீட்டுக்கு வந்து, நானும் கணவருமாக அந்தப் பழத்தைக் கொட்டைவரை சப்பிச் சாப்பிட்டோம். கொஞ்ச நாளில் நான் உண்டானேன். அது மாம்பழத்தின் வேலை என்பார் கணவர். டாக்டர் கொடுத்த மாத்திரைக்கும் அதில் பங்கு உண்டு என்பேன் நான். மெடிக்கலில் வேலை பார்ப்பவள் வேறு என்ன சொல்வேன். எப்படியோ, குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் அடுத்த வருடம் ஒரு கூடை பழம் இறைக்கிறோம் என்று வேண்டிக்கொண்டிருந்தோம்.

மகள் அவசரக்காரி. நாள் ஆவதற்கு முன்பே பிறந்துவிட்டாள். கோழிக்குஞ்சு மாதிரி இருந்தவளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். பாலைப் பீய்ச்சி கிண்ணத்தில் எடுத்துப் பாலாடையில் புகட்டினோம். வீட்டுக்கு வந்த பிறகு, பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "புள்ள சப்பாம கெடக்கே, இப்படியே விட்டா எப்படி" என்று ஒருவர் பாட்டிலையும் பால் பவுடர் டின்னையும் வாங்கியே வந்துவிட்டார். பாட்டிலில் சுலபமாக வந்ததும் அவள் என்னை மறந்துவிட்டாள். மார்போடு அணைத்தால் போதும், முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிடுவாள். எனக்கோ பாலும் குறைய ஆரம்பித்தது. கடையில் எத்தனையோ டின் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். தாய்ப்பாலே சிறந்தது என்று ஒவ்வொரு டின்னிலும் அச்சடித்திருக்கும். அந்த வரியை என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து படித்தபோது அழுகை வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு சிஸ்டர்தான் கைகொடுத்தார். பிள்ளையைத் தோலோடு தோலாகப் போட்டுக்கொள்ளச் சொன்னார், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார், பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னார். பல நாள் போராட்டம். திருவிழாவுக்குச் சற்று முன்புதான் ஒருநாள் விடியலில், தானாகவே தேடி வந்து வாய் வைத்தாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கணவர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இப்பதான் பழகியிருக்கு. கொஞ்ச நாளைக்குப் பாட்டிலை அது கண்ணுல காட்டாதீங்க. வாயைச் சப்புக் கொட்டறப்பவே குடுத்துடுங்க, அழ விடாதீங்க. அழுதுட்டா புடிக்காது" என்று சிஸ்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

இந்த நிலையில்தான் திருவிழா வந்தது. கைக்குழந்தையோடு கூட்டத்துக்குப் போக வேண்டுமா என்று நானும் யோசித்தேன். ஆனால் வேண்டுதல் ஆயிற்றே. கணவர் எலக்ட்ரீஷியன். அவருக்குத் தெரிந்த ஒருவரின் வீடு லெமேர் வீதியில், மாடியோடு இருந்தது. காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டால் நிழலாக இருக்கும், குழந்தைக்கும் உள்ளே இடம் இருக்கும் என்று கணக்குப் போட்டோம். எங்கள் ஊர் விழிதியூரிலிருந்து ஆட்டோ. வழியில் பழம் வாங்கும் இடத்தில், ருமானியா பங்கனப்பள்ளியா என்று இவர் யோசித்த யோசனையில் நேரம் போய்விட்டது. தூக்கிப் போடுகிற பழத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று அப்போதே கேட்டேன்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது ஆட்டோவைத் தடுப்புக் கட்டைக்கு அருகிலேயே நிறுத்திவிட்டார்கள். இறங்கி நடந்தோம். கொஞ்ச தூரம்தான், ஆனால் வீதி முழுக்கத் தலைகள். முன்னேயும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. இவர் தலையில் கூடை, என் தோளில் மகள். பட்டுப் புடவை வேறு கட்டித் தொலைத்திருந்தேன். அப்போது அவள் சப்புக் கொட்ட ஆரம்பித்தாள்.

சுற்றிலும் பார்த்தேன். ஒரு பக்கம் டீக்கடை, அதன் வாசலில் ஆண்கள் கூட்டம். இன்னொரு பக்கம் பூட்டிய கடைகளின் படிகள், அவற்றிலும் நிற்க இடமில்லாமல் ஆட்கள். கூட்டத்தில் நின்றபடியே முந்தானையால் மூடிக் கொடுத்துப் பார்த்தேன். யாரோ இடித்தார்கள், புடவை நழுவியது, ஒருவன் திரும்பிப் பார்த்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். ரவிக்கை நனைகிறது, பிள்ளை அழுகிறது, இரண்டையும் சேர்த்துவைக்க ஓர் அடி இடமில்லை.

குழந்தை வேண்டும் என்று ஊரே கை நீட்டி நிற்கிற வீதி அது. அந்த வீதியில், பிறந்துவிட்ட குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு மூலை கிடையாது. அந்த நேரத்திலும் எனக்கு இது உறைத்தது, கோபமாகவும் வந்தது.

எதிரே ஒரு மெடிக்கல் திறந்திருந்தது. இவர் அதைப் பார்ப்பதை நான் பார்த்துவிட்டேன்.

"ஒரு வேளைக்குத்தானே. ஒரு பாட்டில் வாங்கி..."

"வேண்டாங்க."

"புள்ள தொண்டை கிழியக் கத்துதே."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்கும் கண் கலங்கியிருந்தது. உள்ளே எந்த அலமாரியில் எந்த டின் இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியும். ஒரு பாட்டில், கொஞ்சம் வெந்நீர், அழுகை நின்றுவிடும். ஆனால் அந்த விடியலில் அவள் தேடி வந்தாளே, அது போய்விடும் என்று பயம். திரும்பவும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் மறுபடி முதலிலிருந்து போராட என்னிடம் தெம்பு இல்லை. பக்கத்தில் ஒரு சலூன் வாசற்படி கண்ணில் பட்டது. தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

திருவிழா நாள், சலூனில் கூட்டம். சலூன்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர், கண்ணாடியில் என்னைப் பார்த்திருக்கிறார். உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"ஏம்மா, புள்ளைக்குப் பால் குடுக்கணுமா?"

நான் நிமிராமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்ப ஏன் படியில உக்காந்திருக்க? உள்ள வாம்மா. எல்லாரும் கொஞ்சம் வெளில நில்லுங்க."

பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வெளியே வந்தார்கள். நாற்காலியில் இருந்தவர்தான் பாவம். ஒரு கன்னம் மழித்து முடிந்திருந்தது, இன்னொரு கன்னத்தில் நுரை. கழுத்தில் சலூன் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அவர் அப்படியே எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து நின்றார்.

உள்ளே போனதும் எனக்கு இன்னொரு பிரச்சினை. சலூனில் முன்னாலும் கண்ணாடி, பின்னாலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் வரிசையாகத் தெரிந்தேன். அதை நான் சொல்வதற்கு முன்பே சலூன்காரர் மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணிகளை எடுத்துக் கண்ணாடிகளின் மேல் தொங்கவிட்டார். "இல்லன்னா வாசல்லேர்ந்து தெரியும்மா" என்றார். பிறகு நாற்காலியின் நெம்புகோலை அழுத்திக் கீழே இறக்கி, சாய்மானத்தைச் சரிசெய்து, விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு வெளியே போனார். ஷட்டரைப் பாதிக்கு மேல் இறக்கிவிட்டார். கண்ணாடிக்கு மேலே, குழந்தையை ஏந்திய மாதா படம் ஒன்று மட்டும் மூடாமல் இருந்தது.

சலூன் நாற்காலியைப் பற்றி நான் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கை வைக்க இடம், தலை சாய்க்க இடம், கால் வைக்கப் பலகை. பால் கொடுக்கிற தாய்க்காகவே செய்தது மாதிரி இருந்தது. இத்தனை காலமாக அதை ஆண்கள் மீசை திருத்த மட்டும் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் மகள் அவ்வளவு சீக்கிரம் சமாதானமாகவில்லை. முகத்தைத் திருப்பித் திருப்பி அழுதாள். சிஸ்டர் சொன்னபடி அவளை நெஞ்சில் நிமிர்த்திப் போட்டு முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். பவுடர் வாசனையும் விசிறிக் காற்றும். கொஞ்சம் கொஞ்சமாக விசும்பல் நின்றது. பிறகு முட்டி முட்டித் தேடினாள். பிடித்துக்கொண்டாள். அவள் மடக் மடக்கென்று விழுங்குவது எனக்குக் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஷட்டருக்குக் கீழே அந்த நுரைக்காரரின் கால்கள் மட்டும் தெரிந்தன. வேட்டி, ரப்பர் செருப்பு. வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். யாரோ கடைக்கு வர, "உள்ள ஒரு பாப்பா பசியாறுது, அப்புறம் வாங்க" என்றார். இன்னொருவன் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும். "சிரிச்சுக்கப்பா, ஆனா சத்தம் போடாம சிரி" என்றார். எனக்கே சிரிப்பு வந்தது.

அப்போது அவருடைய போன் அடித்தது. மனைவி போலிருக்கிறது.

"நான் இங்கதான் சலூன் வாசல்ல நிக்கறேன்... இல்ல, முடியல, பாதிதான் ஆச்சு... இப்ப வர முடியாது... ஒரு கைக்குழந்தை பால் குடிக்குது, வாசல்ல நிக்கறேன்... தெரியும், சாமி கிட்ட வந்துடுச்சு, மேளம் இங்கயே கேக்குது... நீ துண்டை விரிச்சுப் புடி. நான் இல்லாட்டி என்ன, நீ கை நீட்டு. இதுக்காகத்தானே திருவாரூர்லேர்ந்து வந்தோம்... அழுவாத. இந்தா, வந்துடறேன்."

முந்தின வருடம் நெற்றி புடைக்க நின்றவள் நான். ஒரு பழத்துக்காகக் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதன் அவஸ்தை எனக்குத் தெரியாதா? சுவாமி ஒரு தடவைதான் அந்த இடத்தைக் கடந்து போகும். போய்விட்டால் அடுத்த ஆனிதான். ஆனால் மகளை அவசரப்படுத்தவும் முடியாது. இப்போது இழுத்தால் அவ்வளவுதான்.

ஷட்டர் பக்கம் பார்த்துச் சொன்னேன். "அண்ணே, நீங்க போங்கண்ணே. இவர் நின்னுக்குவாரு."

"அவரு கூடையை வச்சுகிட்டு தள்ளாடறாரும்மா. நீ கவலைப்படாத, குடிக்கட்டும்."

"இல்லண்ணே, அங்க அக்கா தனியா..."

அவர் சொன்னார்: "குடிக்கட்டும்மா. இதுக்காகத்தானே நாங்களும் வந்திருக்கோம்."

மகள் தன் பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தாள். வேடிக்கை என்னவென்றால், அழுகையாக வந்தாலும் அந்த நேரத்தில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. என் பிள்ளை வயிறு நிறைவதை இன்னொருத்தரும் விரும்புகிறார், அதுவும் முன்பின் தெரியாத ஒருத்தர்.

மகள் தானாகவே வாயை விட்டுத் தூங்கிப்போனாள். புடவையைச் சரிசெய்துகொண்டு கூப்பிட்டேன். ஷட்டர் ஏறியது. வாசலில் நுரைக்காரர் இல்லை. ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டதும் கூட்டத்துக்குள் பாய்ந்துவிட்டார் என்றார் சலூன்காரர். "துணியோட ஓடிட்டாரு, மூஞ்சைக்கூட கழுவல." வெளியே நின்றபோது இவர் எல்லாம் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. எங்களைப் பார்த்து, "நீங்க பழம் எறைக்கணுமில்ல? லெமேர் வீதிக்கெல்லாம் இனிமே போவ முடியாது. பின்னாடி படி இருக்கு. என் மாடியிலேர்ந்து எறைங்க. சாமி இந்த முனையிலதான் திரும்பும்" என்றார்.

மாடி ஏறினோம். தண்ணீர்த் தொட்டி நிழலில் மகளைக் கணவர் வாங்கிக்கொண்டார். நான் கைப்பிடிச் சுவரோரம் கூடையை வைத்துக்கொண்டு கீழே பார்த்தேன். சுவாமி முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. எதிர் மாடிகளிலிருந்து பழங்கள் பறக்க ஆரம்பித்துவிட்டன. கீழே கைகளும் துண்டுகளும் குடைகளும் அலைமோதின. நானும் எடுத்து எடுத்து வீசினேன். ஆனால் என் கண் ஒரு நுரை பூசிய கன்னத்தைத் தேடியது.

கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவ்வளவு கூட்டத்தில் அப்படி ஒரு முகம் அவருக்கு மட்டும்தான். சலூன் துணியின் ஒரு முனையை அவரும், இன்னொரு முனையை நீலப் புடவை கட்டிய ஒரு பெண்ணும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தது எதிர் மாடியை. "அண்ணே" என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. கணவர் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீட்டி அடித்தார். போஸ்ட் கம்பத்தின் மேலிருந்து ஹெல்பரைக் கூப்பிடும் சீட்டி அது. மகள்கூட ஒரு துள்ளு துள்ளினாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

முதல் பழம் என் பதற்றத்தில் எங்கேயோ போய் விழுந்தது, யாரோ எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவதை ஒரு குடை தட்டிவிட்டது. கூடையில் கையை விட்டு, இவர் அத்தனை நேரம் ஆராய்ச்சி செய்து வாங்கிய பழங்களில் பெரிதாக ஒன்றை எடுத்தேன். குறி பார்த்து வீசினேன். நேராகப் போய் அந்த வெள்ளைத் துணியின் நடுவில் தொப்பென்று விழுந்தது.

அந்த அக்கா பழத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த அண்ணன் மாடியைப் பார்த்து, என் கணவரின் தோளில் கிடந்த மகளைக் கையால் காட்டி ஏதோ சொன்னார். குடித்தாளா என்று கேட்டார் என்றுதான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். தலையை ஆட்டினேன். கூட்டம் நகர்ந்தது, அவர்களும் அதோடு போய்விட்டார்கள்.

மிச்சமிருந்த பழங்களில் ஒன்றைச் சலூன்காரரிடம் கொடுத்தோம். மாதா படத்துக்குக் கீழே வைத்தார்.

இப்போது அந்தச் சலூன் கதவில், முடி திருத்தகம் என்ற எழுத்துக்குக் கீழே, தாய்மார்கள் உள்ளே வந்து பாலூட்டலாம் என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது. உள்ளே ஒரு மூலையில் இழுத்து மூடுகிற திரை. முதலில் வீதியே சிரித்ததாம். "சிரிச்சவனுங்க வீட்டுப் பொம்பளைங்களே வந்து உக்காந்தாங்க" என்றார் சலூன்காரர். நான் திரும்ப வேலைக்குப் போனதும் எங்கள் மெடிக்கலிலும் அட்டைப்பெட்டிகளை ஒதுக்கி, ஒரு நாற்காலியும் திரையும் போட வைத்தேன். பால் பவுடர் டின் கேட்டு வருகிறவர்களிடம், ஒரு தடவை ஆஸ்பத்திரி சிஸ்டரைப் பார்த்தீர்களா என்று கேட்கிறேன். நிஜமாகவே தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு எடுத்துக் கொடுக்கத்தான் செய்கிறேன். சிஸ்டரைப் பார்க்காதவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கிறேன். "நீ என் யாவாரத்தைக் கெடுக்கறதுக்குன்னே வந்து சேந்தியா" என்று முதலாளி அலுத்துக்கொள்வார். ஆனால் அந்த நாற்காலிக்கு மெத்தை வாங்கிப் போட்டது அவர்தான்.

மகள் இரண்டு வயது தாண்டும்வரை குடித்தாள். நிறுத்துவதற்குத்தான் பாடாய்ப் பட்டேன்.

அந்த அண்ணனை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அவர்களுக்குக் குழந்தை பிறந்ததா என்றும் தெரியாது. துணியும் திரும்பி வரவில்லை. அதைப் பற்றிக் கேட்டால் சலூன்காரர், "வருவாரும்மா. பாதி ஷேவிங் பாக்கி இருக்கில்ல, புள்ளையத் தூக்கிகிட்டு வருவாரு பாரு" என்கிறார். ஒவ்வொரு ஆனியிலும் அந்த மாடியில் நின்று நானும் தேடுகிறேன். நேரில் வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது, நான் பார்த்தது பாதி முகம்தான். அதனால் பஸ்ஸில் பிள்ளைக்காரிக்கு இடம் விட்டு எழுந்து, திரும்பி நின்றுகொள்கிற எந்த ஆணைப் பார்த்தாலும், இவராக இருக்குமோ என்று ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.